தாலுகா ஆபீஸ் சமாதானமும் சமூக நீதியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊரில் சாதிப் பிரச்சினை வெடித்ததும் தாசில்தாரோ ஆர்.டி.ஓ.வோ (வருவாய்க் கோட்டாட்சியர்) இரண்டு தரப்பையும் கூப்பிட்டு, டி.எஸ்.பி.யைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசி, கடைசியில் ஒரு தாளில் கையெழுத்து வாங்குவார்கள். அமைதிப் பேச்சுவார்த்தை என்று பேப்பரில் வரும், ஊரில் சமாதானக் கூட்டம் என்பார்கள். கோயில் நுழைவு, தேர் வடம், சுடுகாட்டுப் பாதை, பொதுக் குழாய், கொடிக்கம்பம் என்று எதில் ஆரம்பித்தாலும் தமிழ்நாட்டில் விஷயம் முதலில் போய் நிற்கும் இடம் இந்தக் கூட்டம்தான். சண்டையை நிறுத்துவதும் நீதி கிடைப்பதும் ஒன்றா, ஒன்றுக்காக இன்னொன்றை விட்டுக்கொடுக்கலாமா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளையும் எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே சேர்த்து வைக்கிறேன்.

இந்த மாதிரி கூட்டத்துக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறதா?

"இரு தரப்பையும் கூட்டிப் பேசி எழுதி வாங்கு" என்று நேரடியாகச் சொல்லும் பிரிவு கிடையாது. ஆர்.டி.ஓ.வுக்கும் தாசில்தாருக்கும் நிர்வாக நடுவர் என்ற முறையில் சில அதிகாரங்கள் உண்டு. அமைதியைக் கெடுக்கக்கூடியவர் என்று தோன்றினால் நன்னடத்தைப் பத்திரம் எழுதி வாங்கலாம் (பழைய 107), கூடக் கூடாது என்று தடை போடலாம் (எல்லோருக்கும் தெரிந்த 144), இடத் தகராறால் அடிதடி வரும் என்றால் அந்த இடத்தில் தலையிடலாம் (145). 2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டம் போய் அதன் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய சட்டம் வந்துவிட்டதால் இவை இப்போது முறையே 126, 163, 164. எண்தான் மாறியிருக்கிறது, அதிகாரம் ஏறக்குறைய அதேதான்.

சமாதானக் கூட்டம் என்பது இந்த அதிகாரங்களின் நிழலில் வளர்ந்த ஒரு வழக்கம். சட்டத்துக்கு விரோதமானது என்று சொல்ல முடியாது. ஆனால் அது நீதிமன்றமும் அல்ல, அதில் எழுதப்படுவது தீர்ப்பும் அல்ல. கூட்டத்துக்குப் போகிற பலருக்கும் இந்த வித்தியாசம் தெரியாது, யாரும் எடுத்துச் சொல்வதும் இல்லை.

கையெழுத்துப் போட்டுவிட்டால் அது நம்மைக் கட்டுப்படுத்துமா?

இதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு தெளிவான பதில் இருக்கிறது. எழுத்தாளர் பெருமாள்முருகனின் மாதொருபாகன் நாவலுக்குத் திருச்செங்கோட்டில் எதிர்ப்புக் கிளம்பியபோது, 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல்லில் மாவட்ட வருவாய் அலுவலர் முன்னிலையில் பேச்சுவார்த்தை நடந்தது. நிபந்தனையற்ற மன்னிப்பு, விற்காத பிரதிகளைத் திரும்பப் பெறுவது என்று எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கினார்கள். ஊருக்கு அமைதி வந்தது, அவர் எழுதுவதையே நிறுத்துவதாக அறிவித்தார். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தந்த தீர்ப்பில், அதிகாரிகள் முன்னிலையில் ஏற்பட்ட அந்த உடன்பாடு எழுத்தாளரைக் கட்டுப்படுத்தாது என்று சொல்லிவிட்டது.

இது சாதி வன்முறை வழக்கு இல்லை, கருத்துரிமை வழக்கு. ஆனால் கூட்டத்தின் லட்சணம் அதேதான். வெளியே கடையடைப்பு, உள்ளே ஒரு தனி ஆள், நடுவில் "எப்படியாவது இன்றைக்கு முடித்துவிடலாம்" என்று நினைக்கும் ஓர் அதிகாரி. பேராசிரியராகவும் பெயர் பெற்ற எழுத்தாளராகவும் இருந்தவருக்கே இந்த நிலை என்றால், காலனித் தெருவிலிருந்து வரும் ஒரு விவசாயக் கூலி அந்த அறையில் எவ்வளவு தைரியமாக மறுத்துப் பேச முடியும்?

இரண்டு தரப்பையும் சமமாக உட்காரவைத்துப் பேசுவதுதானே நடுநிலை?

மேசைக்கு இந்தப் பக்கம் பத்துப் பேர், அந்தப் பக்கம் பத்துப் பேர், எல்லோருக்கும் ஒரே டீ. பார்க்கச் சமமாகத்தான் இருக்கும். கூட்டம் முடிந்து ஊருக்குத் திரும்பினால், ஒரு பத்துப் பேரின் நிலத்தில்தான் மறு பத்துப் பேர் நாளைக்குக் கூலிக்குப் போக வேண்டும், அவர்கள் கடையில்தான் மளிகை, அவர்கள் வயலை ஒட்டித்தான் சுடுகாட்டுக்கு வழி. அவர்கள் ஊர்க்கட்டுப்பாடு என்று ஒரு வார்த்தை சொன்னால் வேலை நிற்கும், பால் நிற்கும். இவர்கள் பதிலுக்கு எதையும் நிறுத்த முடியாது. "இரு தரப்பும் விட்டுக்கொடுத்துப் போங்கள்" என்று அதிகாரி சொல்லும்போது, ஒருவர் விட்டுக்கொடுப்பது பழக்கத்தை, இன்னொருவர் விட்டுக்கொடுப்பது உரிமையை. இரண்டும் ஒரே எடை அல்ல.

2016 ஜனவரியில் அன்றைய நாகை மாவட்டம் திருநாள்கொண்டச்சேரியில் நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். தலித் முதியவர் ஒருவரின் உடலைப் பொதுப்பாதை வழியாகக் கொண்டுபோக உயர் நீதிமன்றம் உத்தரவே கொடுத்திருந்தது. கடைசியில் போலீஸே உடலை எடுத்து மாற்றுப் பாதையில் கொண்டுபோய் அடக்கம் செய்தது. கலவரம் நடக்கவில்லை என்ற கணக்கில் பார்த்தால் அது வெற்றி. யாருடைய செலவில் அந்த வெற்றி என்று பார்த்தால் விஷயம் வேறு.

அதிகாரிகள் எல்லோரும் சாதி பார்க்கிறவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. நாளைக்குத் திருவிழா, இன்றைக்கு ராத்திரி ஏதாவது நடந்தால் தலை உருளும் என்ற நிலையில் இருப்பவருக்கு, யார் அதிகமாகச் சத்தம் போடுகிறார்களோ அவர்களைச் சமாதானப்படுத்துவதுதான் சுலபமான வழியாகத் தோன்றும். சத்தம் போட வசதி உள்ளவர்கள் யார் என்பது நமக்குத் தெரியும்.

அப்படியானால் பேச்சுவார்த்தையே வேண்டாம், நேராக கேஸ் போடு என்கிறீர்களா?

இல்லை. பேசாமல் ஊரில் எதுவும் நிலைக்காது. எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதுதான் கேள்வி. கோயிலுக்குள் விடலாமா வேண்டாமா என்று பேசினால் அந்தக் கூட்டமே தவறு, ஏனென்றால் அந்தக் கேள்விக்கு அரசியலமைப்பின் 17ஆவது பிரிவு 1950லேயே பதில் சொல்லிவிட்டது. எந்த நாளில் போவது, யார் முன்னால் நிற்பது, எத்தனை போலீஸ், அதற்குப் பிறகு ஆறு மாதம் யார் வந்து பார்ப்பது என்று பேசினால் அது உருப்படியான கூட்டம். இந்தப் பக்கத்தில் நான் சொல்ல நினைப்பதில் பாதிக்கு மேல் இவ்வளவுதான்.

இதற்கு நல்ல உதாரணம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம். மதுரை மாவட்டத்து ஊர்கள். விருதுநகர் மாவட்டத்துக் கொட்டகச்சியேந்தலும் இதே வரிசை. ஊராட்சித் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டதால் 1996லிருந்து அங்கே ஒழுங்காகத் தேர்தல் நடத்த முடியவில்லை. வேட்புமனு வராது. வந்தால், ஊர் நிறுத்திய ஒருவர் ஜெயித்துப் பதவியேற்ற சூட்டோடு ராஜினாமா செய்வார். "ஒதுக்கீட்டை எடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும்" என்பதுதான் ஊரின் நிலை. அதை ஏற்றுக்கொண்டிருந்தால் ஒரே நாளில் அமைதி வந்திருக்கும்.

2006ல் மதுரை ஆட்சியராக இருந்த உதயச்சந்திரன் மறுபடி மறுபடி ஊருக்குப் போய்ப் பேசினார். ஒதுக்கீடு இருக்குமா என்பது அந்தப் பேச்சில் இல்லை. தேர்தல் நடக்கும், ஜெயித்தவர் உட்காருவார், அதற்கு ஊர் எப்படி ஒத்துழைக்கும், ஊருக்கு என்ன தேவை என்பதுதான் பேச்சு. அந்த அக்டோபரில் நான்கு ஊரிலும் தேர்தல் நடந்தது, தலைவர்கள் பதவியில் நீடித்தார்கள், அரசு சென்னையில் விழா எடுத்துப் பாராட்டியது. பத்து வருஷம் முடியாதது முடிந்ததற்கு ஒரு ஆட்சியரின் திறமை மட்டும் காரணம் இல்லை. பின்னாலிருந்த அரசு பின்வாங்காது என்று ஊருக்குப் புரிந்ததும் ஒரு காரணம். பேச்சுவார்த்தைக்கு வலிமை வருவதே அங்கிருந்துதான்.

மேலவளவு?

அந்தப் பெயரைச் சொல்லாமல் மேலே எழுதியதை முடிக்க முடியாது. அதுவும் மதுரை மாவட்டத்து ஊராட்சிதான். அங்கேயும் 1996ல் ஒதுக்கீடு, அங்கேயும் எதிர்ப்பு. போலீஸ் காவலோடு தேர்தலை நடத்தி முருகேசன் தலைவரானார். தேர்தலோடு அரசின் வேலை முடிந்ததுபோல ஆகிவிட்டது. 1997 ஜூன் 30 அன்று மதுரையிலிருந்து திரும்பும் வழியில் பஸ்ஸை மறித்து அவரையும் கூட வந்தவர்களையும் வெட்டிக் கொன்றார்கள். பிறகு 17 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது, அதில் 13 பேரை 2019ல் அரசு முன்கூட்டியே விடுதலை செய்தது.

சட்டத்தை மட்டும் காட்டி ஓர் உரிமையைக் கொடுத்துவிட்டு, அதை அனுபவிக்கிற ஆளைத் தனியாக விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இது சாட்சி. சமாதானக்காரர்கள் "பார்த்தீர்களா, அவசரப்பட்டால் இப்படித்தான்" என்பார்கள். அவசரம் எங்கே வந்தது? பதவியேற்ற ஒருவருக்குப் பாதுகாப்பு தேவை என்று ஊருக்கே தெரிந்திருந்தது.

உத்தபுரத்தில் ஒப்பந்தம் போட்டுத்தானே சுவர் கட்டினார்கள்?

ஆமாம், அதனால்தான் உத்தபுரம் முக்கியம். மதுரை மாவட்டம், பேரையூர்ப் பக்கம். 1989ல் பெரிய மோதல், உயிரிழப்புகள். அதற்குப் பிறகு ஏற்பட்ட உடன்பாட்டைக் காட்டித்தான் ஊரைப் பிரித்து ஒரு சுவர் எழுந்தது. தலித்துகளும் கையெழுத்துப் போட்டார்கள் என்று கடைசிவரை வாதாடினார்கள். இருபது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக அந்தச் சுவர் நின்றது. சண்டையில்லாத ஊர் என்றே அதிகாரிகளின் கணக்கில் இருந்திருக்கும். சுவர்மேல் மின்சாரம் பாய்ச்சிய கம்பி இருப்பது 2008ல் வெளியே வந்ததும்தான் நாடே திரும்பிப் பார்த்தது. மே 6 அன்று சுவரின் ஒரு பகுதியை நிர்வாகம் இடித்தது. எதிர்த்தவர்கள் ரேஷன் கார்டுகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மலையடிவாரத்துக்குப் போய் உட்கார்ந்தார்கள். அதே வருஷம் கலவரம், நவம்பரில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஒரு தலித் இறந்தார்.

1989ல் பிரச்சினை முடியவில்லை, சுவருக்கு அந்தப் பக்கம் தள்ளி வைக்கப்பட்டது. நினைத்தால் கோபம் வருகிற விஷயம்.

ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. 2011 அக்டோபரில், மாவட்டக் காவல் கண்காணிப்பாளராக இருந்த அஸ்ரா கார்க் முயற்சியில் இரண்டு தரப்பும் இன்னொரு ஒப்பந்தம் போட்டார்கள். அந்த நவம்பரில் தலித்துகள் முத்தாலம்மன் மாரியம்மன் கோயிலுக்குள் போனார்கள். ஒரே ஊர், இரண்டு ஒப்பந்தம். முதலாவது உரிமையை விற்று அமைதியை வாங்கியது. இரண்டாவது, உரிமையை ஒத்துக்கொண்ட பிறகு போடப்பட்டது. இரண்டாவதும் எல்லாவற்றையும் தீர்த்துவிடவில்லை, பின்னாளில் அங்கே மறுபடி தகராறு வந்தது. ஆனாலும் இரண்டையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன்.

பிரச்சினைக்குரிய கோயிலுக்குச் சீல் வைப்பது இரு தரப்புக்கும் பொதுவான நடவடிக்கைதானே?

விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் போன தலித்துகள் 2023 ஏப்ரலில் தாக்கப்பட்டார்கள். பல சுற்றுப் பேச்சுவார்த்தை. ஒத்துவரவில்லை. ஜூனில் கோட்டாட்சியர் கோயிலுக்குச் சீல் வைத்தார். நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மார்ச்சில் பூஜைக்கு மட்டும் திறந்தது, பக்தர்களுக்குத் திறக்க 2025 ஏப்ரல் ஆனது. ஏறக்குறைய இரண்டு வருஷம்.

சீல் வைத்தால் யாருமே உள்ளே போக முடியாது, அது சரி. ஆனால் ஒரு தரப்பு கேட்டது "நாங்களும் வருகிறோம்", இன்னொரு தரப்பு கேட்டது "அவர்கள் வரக் கூடாது". பூட்டுப் போட்டதும் யார் கேட்டது நடந்தது? அடித்தவர்களுக்கும் அடிபட்டவர்களுக்கும் இடையில் நடுவில் நிற்பது ஒரு பக்கம் சாய்வதுதான். சில நாள் பதற்றம் தணிய மூடுவதைப் புரிந்துகொள்ளலாம். திறக்கும் தேதி இல்லாத சீலை அப்படிப் புரிந்துகொள்ள முடியாது.

வன்கொடுமை வழக்கில் ராஜி ஆகலாமா?

ஊரில் இன்னமும் பி.சி.ஆர். கேஸ் என்றுதான் சொல்கிறார்கள். 1955 குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம் அப்படியே ஒட்டிக்கொண்டது. இப்போது போடுவது பெரும்பாலும் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில்.

தாலுகா ஆபீஸில் பேசி இந்த வழக்கை முடிக்க முடியாது. இது சமரசத்துக்கு உட்பட்ட குற்றங்களின் பட்டியலில் இல்லை. உயர் நீதிமன்றமோ உச்ச நீதிமன்றமோ மட்டும்தான் சமரசத்தைப் பார்த்து வழக்கை ரத்து செய்ய முடியும். அதற்கும் 2021ல் ராம்அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லை போட்டது: அடிப்படையில் அது தனிப்பட்ட அல்லது சிவில் தகராறாகவோ, சாதியை வைத்து நடக்காத குற்றமாகவோ இருக்க வேண்டும், பாதிக்கப்பட்டவர் மிரட்டலுக்குப் பயந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நீதிமன்றத்துக்குத் திருப்தி வர வேண்டும்.

நடைமுறையில் என்ன நடக்கிறது? "ராஜி ஆயிட்டோம்" என்று ஊரில் பேசி முடித்ததும், கோர்ட்டில் சாட்சி பிறழ்ந்துவிடும். வழக்கு விடுதலையில் முடியும். அப்புறம் அதே விடுதலையைக் காட்டி "பார்த்தாயா, எல்லாம் பொய் கேஸ்" என்பார்கள்.

நாம் புகார் கொடுத்தால் எதிர்த் தரப்பும் நம் மேல் புகார் கொடுக்கிறார்கள். ஸ்டேஷனில் "ரெண்டு பேரும் வாபஸ் வாங்குங்கள்" என்கிறார்கள்.

எதிர் வழக்கு, ஸ்டேஷன் பாஷையில் கவுண்டர் (counter) கேஸ். மிகப் பழைய உத்தி, இன்னமும் வேலை செய்கிறது. அடிபட்டு ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர் மேலேயே கொலை முயற்சி வழக்கு வரும். இரண்டு பக்கமும் வழக்கு இருந்தால் இரண்டு பக்கமும் தப்பு இருப்பதுபோல ஒரு தோற்றம் வந்துவிடும், பேரம் பேச வசதி. எதிர் வழக்கைத் தனியாகச் சந்தியுங்கள். உங்கள் வழக்கை அதற்கு ஈடாகக் கொடுக்காதீர்கள். தாமதமாக வந்த எதிர்ப் புகாரின் தேதியும் நேரமும் பின்னால் உங்களுக்கே உதவும்.

கட்டப்பஞ்சாயத்துக்கும் ஆர்.டி.ஓ. கூட்டத்துக்கும் என்ன வித்தியாசம்?

ஒன்று ஆலமரத்தடியில், இன்னொன்று மின்விசிறிக்கு அடியில் என்று கிண்டலாகச் சொல்வார்கள். அது முழுசாக நியாயம் இல்லை. அரசு அதிகாரி சட்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர், அவரை நீதிமன்றத்தில் கேள்வி கேட்கலாம். ஊர் அம்பலகாரரை அப்படிக் கேட்க முடியாது. 2011ல் ஆறுமுகம் சேர்வை வழக்கில் உச்ச நீதிமன்றம் கட்டப்பஞ்சாயத்து சட்டவிரோதம் என்றும், டீக்கடை இரட்டைக் குவளை முறையைக் கடைப்பிடிப்பவர்கள் மேல் குற்ற வழக்குப் போட வேண்டும் என்றும் சொன்னது. தடுக்கத் தவறும் மாவட்ட அதிகாரிகள் மேல் நடவடிக்கை எடுக்கவும் சொன்னது.

ஆனால் ஆர்.டி.ஓ. கூட்டம், ஊர்ப் பெரியவர்கள் ஏற்கெனவே முடிவு செய்துவைத்ததற்கு ரப்பர் ஸ்டாம்ப் போடுவதாக இருந்தால் வித்தியாசம் குறைந்துகொண்டே போகும்.

லோக் அதாலத், மீடியேஷன் எல்லாம் வீண் என்கிறீர்களா?

இல்லவே இல்லை. வரப்புத் தகராறு, பாகப்பிரிவினை, கடன், விபத்து இழப்பீடு இதற்கெல்லாம் அருமையான வழி. சென்னை உயர் நீதிமன்றத்தில் 2005லேயே சமரச மையம் ஆரம்பித்தார்கள், இந்தியாவுக்கே முன்னோடி. 2023 மீடியேஷன் சட்டமும் குற்ற வழக்குகளைத் தன் வரம்பிலிருந்து விலக்கித்தான் வைத்திருக்கிறது. பொருளைப் பங்கு போடலாம். மரியாதையை எந்த விகிதத்தில் பங்கு போடுவது?

"படிப்படியாகத்தான் மாறும்" என்கிறார்களே?

எத்தனை படி என்று கேளுங்கள். சிவகங்கை மாவட்டம் கண்டதேவியில் தேர் வடம் பிடிப்பதில் தலித்துகளுக்கும் பங்கு வேண்டும் என்ற பிரச்சினை 1990களின் கடைசியில் பெரிதானது. நீதிமன்றம், பேச்சுவார்த்தை, 144, போலீஸ் குவிப்பு என்று போய், 2006க்குப் பிறகு தேர் பழுது என்று ஓட்டமே நின்றது. புதுத்தேர் செய்து, நீதிமன்றம் விடாமல் கேட்டு, 2024 ஜூனில்தான் மறுபடி ஓடியது. 1998ல் வடம் பிடிக்க ஆசைப்பட்ட இருபது வயதுப் பையனுக்கு இப்போது பேரன் பேத்தி இருக்கலாம். படிப்படியாக என்றால் தேதி போட்டு, இந்த வருஷம் இது, அடுத்த வருஷம் இது என்று எழுத்தில் இருக்க வேண்டும்.

வெளியூர்க்காரர்கள் வந்துதான் ஊரைக் கெடுக்கிறார்கள் என்பது உண்மையா?

உத்தபுரத்துச் சுவர் வெளியூர்க்காரர்கள் வந்து எழுதிய பிறகுதான் நிர்வாகத்தின் கண்ணுக்குத் தெரிந்தது. அவ்வளவுதான் என் பதில்.

வழக்குப் போட்டால் மட்டும் நீதி கிடைத்துவிடுகிறதா?

கிடைக்கும் என்று பொய் சொல்ல மாட்டேன். கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று 44 பேர் எரிக்கப்பட்டார்கள், கடைசியில் நிலச்சுவான்தார்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது. வேங்கைவயலில் 2022 டிசம்பரில் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்த வழக்கில் ஆட்சியரும் எஸ்.பி.யும் ஊருக்கே வந்து, தலித்துகளைக் கோயிலுக்குள் அழைத்துப் போய், இரட்டைக் குவளைக்கு வழக்கும் போட்டார்கள். ஆனால் தொட்டி வழக்கில் 2025 ஜனவரியில் வந்த குற்றப்பத்திரிகையில் இருந்தது பாதிக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த மூன்று பேர். அந்த மக்கள் அதை ஏற்கவில்லை. வழக்கு என்பது நீதி கேட்கும் வாசல்களில் ஒன்று, அதை மூடிவிட்டுப் பேச்சுக்குப் போகாதீர்கள் என்பதுதான் நான் சொல்வது.

சமரசம் செய்துகொண்டாலே தோல்விதானா? அம்பேத்கரே பூனா ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாரே?

போட்டார். 1932 செப்டம்பர் 24. காந்தி 20ஆம் தேதியிலிருந்து எரவாடா சிறையில் உண்ணாவிரதம் இருக்க, அவர் உயிருக்கு ஏதாவது ஆனால் நாடு முழுக்கத் தலித்துகள் மேல் பாயும் என்ற நெருக்கடியில் நடந்த பேரம் அது. தனி வாக்காளர் தொகுதியை, அதாவது தங்கள் பிரதிநிதியைத் தலித்துகள் மட்டுமே தேர்ந்தெடுக்கும் முறையை, விட்டுக்கொடுத்தார். பதிலுக்கு மாகாண சபைகளில் தலித்துகளுக்கு 71 என்றிருந்த இடங்களை 148 ஆக்கி, அதை மாகாணவாரியாக எண் போட்டு எழுதி வாங்கினார். பிற்காலத்தில் அந்த ஒப்பந்தத்தைக் கடுமையாக விமர்சிக்கவும் செய்தார்.

இதில் கவனிக்க வேண்டியது, எதைக் கொடுத்தோம் எதை வாங்கினோம் என்று இரண்டு பக்கமும் அளக்கக்கூடிய ஒப்பந்தமாக அது இருந்ததுதான். நம் ஊர்க் கூட்டங்களில் எழுதுவது "இனி ஒற்றுமையாக இருப்போம்". இதை யார் மீறினார்கள் என்று எப்படி அளப்பது?

சமாதானக் கூட்டத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். போகலாமா, போனால் என்ன செய்ய வேண்டும்?

போங்கள். வராமல் இருந்தால் "ஒத்துழைக்கவில்லை" என்று குறிப்பு எழுதுவார்கள். ஆனால் முதலில் எஃப்.ஐ.ஆர்., பிறகுதான் கூட்டம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் எஃப்.ஐ.ஆர். போட முதல்நிலை விசாரணை தேவையில்லை என்று 2018ல் சேர்த்த 18ஏ பிரிவு சொல்கிறது. எனவே "கூட்டம் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று இன்ஸ்பெக்டர் சொன்னால் அந்தப் பிரிவைச் சொல்லுங்கள். புகார் வாங்கியதற்கு ஸ்டேஷனில் தரும் சி.எஸ்.ஆர். ரசீதோடு திருப்தியாகிவிடாதீர்கள்.

கூட்டத்துக்கு ஒருவராகப் போகாதீர்கள். பெண்களை அழைத்துப் போங்கள். தண்ணீருக்கும் கூலிக்கும் தினமும் போகிறவர்கள் அவர்கள்தான், அறையில் மட்டும் அவர்கள் இருப்பதில்லை. அழைப்பை எழுத்தில் கேளுங்கள். என்ன விஷயம் பேசப்படும் என்றும் அதில் இருக்கட்டும். உரிமை உண்டா என்ற விவாதத்துக்குள் இழுத்தால், "அது முடிந்த விஷயம், எப்போது எப்படி என்று பேசலாம்" என்று திரும்பத் திரும்பச் சொல்லுங்கள், சலிப்பாக இருந்தாலும் பரவாயில்லை. அன்றைக்கே கையெழுத்துப் போட வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. படித்துப் பார்த்து, ஊரில் கேட்டு, நாளைக்கு வருகிறோம் என்று சொல்லலாம். போட்டே ஆக வேண்டிய நிலை வந்தால் உங்கள் ஆட்சேபனையைக் கையெழுத்துக்கு மேலே உங்கள் கையாலேயே எழுதுங்கள். கூட்டக் குறிப்பின் நகலைக் கேளுங்கள், தராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள்.

அப்புறம் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. 1995 விதிகளின்படி, வன்கொடுமை நடந்த இடத்தை மாவட்ட நிர்வாகமே நேரில் போய்ப் பார்த்துச் சேதத்தைக் கணக்கெடுக்க வேண்டும், உடனடி நிவாரணம் ஏழு நாளுக்குள் தர வேண்டும், டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாதவர் விசாரிக்க வேண்டும், 60 நாளில் குற்றப்பத்திரிகை போட வேண்டும். இவை உங்களுக்குச் சேர வேண்டியவை. நிவாரணத்தை "சமாதானமாகப் போனால் தருகிறோம்" என்று யாராவது சொன்னால் அது தவறு. ஊர் விலக்கம் வந்தால் அதுவும் 2015 திருத்தத்துக்குப் பிறகு தனிக் குற்றம். தேதி, ஆள், என்ன மறுத்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டாச்சு. இனி ஒன்றும் செய்ய முடியாதா?

முடியும். பெருமாள்முருகன் வழக்கின் தீர்ப்பை மேலே சொன்னேன். மிரட்டலில் போட்ட கையெழுத்து குற்ற வழக்கை அழிக்காது, புகார் கொடுக்கும் உரிமையையும் பறிக்காது. எந்தச் சூழ்நிலையில் கையெழுத்துப் போட்டோம், யார் இருந்தார்கள், என்ன சொன்னார்கள் என்று தேதியோடு எழுதி ஆட்சியருக்கும் எஸ்.பி.க்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், அனுப்பிய ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். ஆட்சியர் தலைமையில் மாவட்ட விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும், அதற்கும் ஒரு நகல். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு வருமான வரம்பு இல்லாமலேயே இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்டால் வழக்கறிஞர் தருவார்கள். வன்கொடுமைப் புகார்களுக்கான தேசிய உதவி எண் 14566, கட்டணம் இல்லை.